ஏடிவி ஓட்டப் போனோம், ஏர் கேஜோடு

முன் இடது 14, முன் வலது 9, பின் இடது 18, பின் வலது 11. மதுரையிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில், ஒரு மாந்தோப்புக்குள் நின்றிருந்த ஏடிவியின், அதாவது பைக் மாதிரி ஹேண்டில் பிடித்து காடு மேட்டில் ஓட்டுகிற நாலு சக்கர வண்டியின், டயர்களில் என் ஏர் கேஜ் காட்டிய காற்றழுத்தக் கணக்கு இது, பிஎஸ்ஐயில். நாலு டயருக்கு நாலு கணக்கு. பக்கத்தில் நின்ற பையனிடம் கேட்டேன். "காத்தெல்லாம் ஃபுல்லா இருக்குண்ணே. நேத்துதான் பங்க்ல அடிச்சோம்" என்றான். அதுதான் தம்பி பிரச்சினையே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் அக்கா மகன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஹாரன் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டான்.

எனக்குத் தொழில் டயர். கீழவாசல் பக்கம் கடை. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஷார்ஜாவில், நம் ஆட்கள் சனையா என்று சொல்லும் தொழிற்பேட்டையில், இதே வேலை. 2013இல் ஊருக்குத் திரும்பும்போது கொண்டுவந்த சாமான்களில் உருப்படியானது இந்தக் கேஜ் ஒன்றுதான். பூஜ்ஜியத்திலிருந்து 20 வரைக்கும்தான் காட்டும். நம்மூர் பஞ்சர் கடைக் கேஜில் பத்துக்குக் கீழே முள் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும், ஒன்றும் நம்ப முடியாது. ஏடிவிக்கோ அந்தப் பத்துக்குக் கீழேதான் எல்லாமே. அதனால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். "ஓட்டப் போறியா, செக்கிங் போறியா?" என்று அக்கா சிரித்தாள்.

இந்த மாந்தோப்பின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இருக்கிற பையன்களுக்குப் பிழைப்பே அதுதான், நாங்கள் போய் வந்த பிறகு திருத்தியும் இருக்கலாம். அடுத்து சொல்லப்போகும் மலை இடம் நன்றாக இருந்தது. ஆனால் அதன் பெயரைச் சொன்னால் மிச்சம் இருப்பது எது என்று நீங்களே எண்ணிக் கண்டுபிடித்துவிடுவீர்கள். நம் பக்கத்தில் இந்த வண்டி ஓட்டுகிற இடங்கள் அவ்வளவு ஒன்றும் இல்லை. ஆக, இடத்தைவிட என்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் காற்று. காருக்கு 30, 33 என்று அடிக்கிறோம். ஸ்கூட்டர் பின் சக்கரத்துக்கும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஏடிவிக்கு வண்டியையும் டயரையும் பொறுத்து நாலிலிருந்து ஏழு வரைக்கும் போதும். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே போட்டிருப்பார்கள். அந்த டயர் தொப்பையும் தொந்தியுமாகப் பார்க்க அவ்வளவு பெரிதாக இருப்பதே காற்றைக் கம்மியாக வைக்கத்தான். கல் வந்தால் உள்வாங்கும், மணல் வந்தால் ஒட்டகக் கால் மாதிரி பரந்துகொள்ளும். அதில் பங்க்குக்காரர் பழக்கத்தில் 18 அடித்துவிட்டால் அது டயர் இல்லை, கூடைப்பந்து. ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி துள்ளும், ஹேண்டில் கையைப் பறிக்கும். இடது வலது வித்தியாசமாக இருந்தாலோ கேட்கவே வேண்டாம், நேராகப் பிடித்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவன் தனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வான். பாவம்.

இந்த வண்டி பிறந்ததே டயரால்தான் என்பது எனக்கு ஒரு தனிப் பெருமை. அமெரிக்காவில் பனிக்காலம் வந்தால் மோட்டார் சைக்கிள் வியாபாரம் படுத்துவிடும். அப்போது விற்பதற்கு ஏதாவது செய்து கொடுங்கள் என்று அங்கிருந்து ஹோண்டாவிடம் கேட்டிருக்கிறார்கள். ஒசாமு தகேயுச்சி என்ற இன்ஜினியர் என்னென்னவோ செய்து பார்த்தார். நிலத்திலும் தண்ணீரிலும் ஓடும் ஒரு ஆறு சக்கர வண்டியின் பலூன் டயர் கைக்கு வந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. 1970இல் மூன்று சக்கரத்தோடு சந்தைக்கு வந்தது. மூன்று சக்கரம் திருப்பத்தில் கவிழும் என்று ஆட்டோ ஓடும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறையப் பேர் அடிபட்டு, கேஸாகி, 1988இல் அமெரிக்காவில் மூன்று சக்கர ஏடிவி விற்பனையையே நிறுத்திக்கொள்ள கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. சுஸுகி அதற்கு முன்பே, 80களின் தொடக்கத்தில், நாலு சக்கரத்தில் இறக்கிவிட்டது. இன்று நாம் பார்ப்பதெல்லாம் அந்த வழிதான்.

சரி, மாந்தோப்புக்கு வருவோம். மூன்று ரவுண்டுக்கு 300 ரூபாய். ஒரு ரவுண்டு ஏறக்குறைய 400 மீட்டர் இருக்கும். ஜேசிபியால் மண்ணைக் குவித்து நாலு மேடு, ஒரு சேற்றுப் பள்ளம், ஓரமெல்லாம் பழைய லாரி டயரைப் பாதி புதைத்து சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட். அந்த டயர் வேலை நன்றாகச் செய்திருந்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். மோதினாலும் வண்டிக்கும் ஆளுக்கும் அடி குறையும். எட்டு வண்டிக்கு நாலு ஹெல்மெட். அதில் ஒன்றின் வார் பூட்டு உடைந்து, சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. இன்னொன்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நூறு தலை ஏறி இறங்கிய வாசம்.

சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: "இதை அமுக்குனா போகும், இதைப் பிடிச்சா நிக்கும். போலாம்ணே." இதில் ஆக்சிலரேட்டர் பைக் மாதிரி முறுக்குவது இல்லை, வலது கட்டைவிரலால் அமுக்குவது. வண்டி குலுங்கும்போது கை ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கும், விரலும் சேர்ந்து அமுங்கும், வண்டி இன்னும் வேகமாகும், இன்னும் குலுங்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் புதருக்குள் போவது இப்படித்தான். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அங்கே ஆளில்லை.

என் அக்கா மகனுக்கு வயது 20. காலேஜுக்குப் பல்சரில் போகிறவன். பைக் ஓட்டிப் பழகிய காலுக்கு ஒரு புத்தி உண்டு: வண்டி சாய்ந்தால் தரையில் ஊன்றும். ஏடிவியில் செய்யவே கூடாத காரியம் அதுதான். காலைக் கீழே வைத்தால் பின்னால் வருகிற சக்கரம் அதன் மேல் ஏறும். இரண்டாவது மேட்டில், 18 காற்று அடித்த பக்கம் எகிறியது. இவன் பழக்கத்தில் இடது காலை ஊன்றினான். பின் சக்கரம் குதிகாலை ஒரு தேய் தேய்த்துவிட்டுப் போனது. செருப்பு அறுந்து பள்ளத்தில் கிடந்தது. ஆமாம், செருப்போடுதான் ஏற்றியிருந்தார்கள். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் அது தோன்றவில்லை. காற்றைப் பார்த்தேனே தவிர காலைப் பார்க்கவில்லை.

பெரிய காயம் இல்லை, தோல் வழன்றுவிட்டது. பையன்கள் ஓடி வந்தார்கள். மருந்துப் பெட்டி கேட்டேன். டீக்கடையிலிருந்து காப்பித்தூள் வந்தது. அதை வைத்து அமுக்கப் பார்த்தவனின் கையைத் தட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டால் கட்டினேன். மேனேஜர் மாதிரி இருந்தவர் வந்து, "பார்த்து ஓட்டணும் தம்பி" என்று அவனிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்திருப்பார். அந்த நேரத்தில் எங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா ஓட்ட, அம்மா பின்னால் உட்கார, மூன்று வயசுக் குழந்தை பெட்ரோல் டேங்க் மேல். ஒருவருக்கான வண்டி அது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் போய் அந்த அப்பாவிடம், "பிள்ளையை இறக்கி விடுங்க சார், தயவு செஞ்சு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறக்கிவிட்டார்.

அந்த இடத்தின் பருத்திப்பால் பிரமாதம். சுக்கு தூக்கலாக, கருப்பட்டி போட்டது. அதற்காக வேண்டுமானால் போகலாம்.

வீட்டில் இரண்டு மாசம் ஏடிவி பேச்சு எடுக்கக் கூடாது என்று அக்கா தடை போட்டாள். தடையை உடைத்தது என் மச்சான்தான், அவளுடைய வீட்டுக்காரர். அவருக்குள் இப்படி ஒரு ஆசை இருந்தது யாருக்கும் தெரியாது. ரேஷன் கடையில் 30 வருஷம் நிறுத்துப் போட்ட மனுஷன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை வேட்டி சட்டையோடு கிளம்பி நின்று, "கீழ்மலைப் பக்கம் ஒரு இடம் இருக்காம்ல மாப்ள, போவமா?" என்றார்.

வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினோம். பழனி மலையின் கீழ்மலைப் பகுதி. கொடைக்கானல் கூட்டம் இந்தப் பக்கம் அவ்வளவாக வருவதில்லை. காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, நடுநடுவே வாழை. அதில் ஒரு தோட்டத்துக்காரர் தன் நிலத்துக்குள்ளேயே பழைய ஜீப் பாதைகளை இணைத்து ஏடிவி விடுகிறார். சொந்த நிலம் என்பது முக்கியம். நம் நாட்டில் பெரும்பாலான ஏடிவிகளை ரோட்டில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது. நம்பர் பிளேட் இல்லாத வண்டியை வாடகைக்குக் கொடுத்து, "அப்படியே ரோட்ல போய்ட்டு வாங்க" என்று ஒருவர் சொன்னால் அப்போதே திரும்பிவிடுங்கள்.

இறங்கியதும் நான் டயரிடம் போனேன். 5, 5, 5, ஐந்தரை. அடுத்த வண்டி: 5, 5, 5, 5. ஷெட் சுவரில் ஒரு ஆணியில் என்னுடையது மாதிரியே சின்னக் கேஜ் தொங்கியது. பக்கத்தில் சைக்கிள் பம்பு. எனக்கு அங்கேயே பாதிப் பணம் வசூலாகிவிட்டது. அந்த ஐந்தரையைக்கூட நான் சொல்வதற்கு முன்னால், பொறுப்பில் இருந்த தம்பி வால்வை ஒரு தட்டு தட்டிச் சரி செய்துவிட்டான். தொழில்காரன்.

அப்புறம் மச்சானைப் பார்த்தான். "ஐயா, மன்னிச்சுக்கோங்க. வேட்டியோட ஏத்த மாட்டோம்."

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக் காட்டினார். அப்படியும் முடியாது என்றான். பின் அச்சில் துணி சுற்றினால் ஆளையே இழுத்துப் போட்டுவிடும், நாலு மாசம் முன்னால் ஒருத்தர் துண்டு சிக்கி நூலிழையில் தப்பினார் என்று மரியாதையாகத்தான் சொன்னான். உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தான். அதில் விதவிதமான சைஸில் டிராக் பேன்ட், கால் மூடுகிற ரப்பர் பூட்ஸ், துவைத்து மடித்த தலைத்துணி. ஹெல்மெட்டுக்குள் கட்டிக்கொள்ள ஆளுக்கு ஒன்று. மச்சான் வாழ்க்கையில் முதல் முறையாக டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு, மடித்த வேட்டியைத் தோளில் போட்டபடி ஷெட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். அக்கா அதைப் போட்டோ எடுத்து, மலை இறங்கி சிக்னல் வருவதற்குள் எல்லா குரூப்பிலும் போட வரிசையாகத் தயார் பண்ணி வைத்திருந்தாள்.

இது மட்டும் இல்லை. அக்காவின் சின்ன மகளுக்கு 13 வயது. பெரிய வண்டி தர மாட்டோம் என்று சொல்லிவிட்டான். 16 ஆகாமல் பெரிய இன்ஜின் கூடாது என்பது வண்டி செய்கிற கம்பெனிகளே போடுகிற எச்சரிக்கை, வண்டியின் மேலேயே ஒட்டியிருக்கிறது. நம்மூரில் அந்த ஸ்டிக்கரை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. அவள் முகம் தொங்கிப்போனது. பக்கத்தில் பக்கத்தில் சீட் வைத்து, பெல்ட்டும் மேலே இரும்புக் கூண்டும் உள்ள பக்கி வண்டி ஒன்று இருந்தது. அதில் அவளை உட்கார வைத்து அவனே ஓட்டிக்கொண்டு போனான். எங்களுக்கு முன்னால் வந்த நாலு பேர் கார் கதவைத் திறக்கும்போதே சாராய வாசம் அடித்தது. அவர்களுக்கும் வண்டி இல்லை என்றான். அட்வான்ஸ் கட்டியிருக்கோம், நாங்க யார் தெரியுமா என்று சத்தம் போட்டார்கள். தோட்டத்துக்காரர் வந்து, பேச்சே இல்லாமல் பணத்தை எண்ணிக் கையில் கொடுத்து, "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு காலையில் மூன்று முறை இல்லை என்று சொன்ன இடம் அது. மாந்தோப்பில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

சொல்லிக்கொடுக்க மட்டும் 20 நிமிஷம். அதில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். ஏடிவியின் பின் சக்கரம் இரண்டும் பெரும்பாலும் ஒரே அச்சில் இறுகி நிற்கும். கார் மாதிரி திருப்பத்தில் ஒரு சக்கரம் மெதுவாகவும் மற்றது வேகமாகவும் சுற்றாது. இதை எப்படிப் புரிய வைப்பது? அந்தத் தம்பி ஷெட் மூலையிலிருந்து ஒரு நுங்கு வண்டியை எடுத்தான். குடைந்த நுங்குக் குடுக்கை இரண்டு, நடுவே ஒரு குச்சி, தள்ள ஒரு கவட்டைக் கம்பு. மண்ணில் நேராகத் தள்ளினான், ஓடியது. திருப்பினான். உள்பக்கக் குடுக்கை மண்ணைச் சுரண்டிக்கொண்டு அடம் பிடித்தது. "இதாண்ணே வண்டி. திரும்புறப்ப உள்பக்கமா ஒடம்ப சாய்ச்சு, கொஞ்சம் முன்னால வாங்க. நீங்க சாயலைன்னா அது நேராப் போகும்." நான் 30 வருஷமாக டயர் கழற்றி மாட்டுகிறேன். சின்ன வயசில் நுங்கு வண்டி ஓட்டாத நாள் இல்லை. இரண்டையும் சேர்த்து யோசித்ததே இல்லை.

ஆளுக்கு 1,200 ரூபாய், ஒரு மணி நேரம். "அந்தக் காசுக்கு ஒரு சேலை எடுத்திருப்பேன்" என்று அக்கா திரும்பி வரும் வழி முழுக்கச் சொன்னாள். ஆனால் பாதை பாதைதான். முதல் கால் மணி நேரம் காப்பிச் செடிகளுக்கு நடுவே நிழலில் சமமாகப் போகும். அப்புறம் ஒரு ஓடை. தண்ணீர் கணுக்கால் அளவுதான், ஆனால் உருண்டைக் கல். இங்கேதான் ஐந்து காற்றின் அருமை தெரிந்தது. கல்லின் மேல் டயர் ஏறுவது கையில் தெரிந்தது, ஆனால் அடிக்கவில்லை, பசு மாடு படுக்கிற மாதிரி ஒரு அமுங்கல். ஏற்றத்தில் எழுந்து முன்னால் சாய வேண்டும், இறக்கத்தில் பின்னால். இறக்கத்தில் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வராமல், கட்டைவிரலை எடுத்துவிட்டு இன்ஜின் பிடியிலேயே வண்டியை இறக்கச் சொன்னான். பெல்ட் டிரைவ் வண்டியில் அந்தப் பிடி கொஞ்சம் கம்மிதான், ஆனாலும் லோ கியரில் போட்டால் நன்றாகவே பிடித்து இறக்கியது. பெரிய ஏடிவிகள் 300 கிலோவைத் தாண்டும் கனம். கவிழ்ந்தால் ஒருவரால் தூக்க முடியாது. அதனால் இரண்டு வண்டிக்கு ஒரு ஆள் கூடவே வந்தான். மணிக்கட்டில் ஒரு சுருள் கயிறு மாட்டிவிட்டார்கள். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். மச்சான் அதைக் காப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர் எப்படி ஓட்டினார் என்று கேட்டால், ரேஷன் கடைத் தராசு மாதிரி. ஒரு பொட்டு வேகம் கூடவில்லை, குறையவில்லை. அக்கா மகன் பின்னால் நின்று பல்லைக் கடித்தான். ஆனால் கடைசியாக ஓடையைத் தாண்டும்போது மச்சான் யாரிடமும் சொல்லாமல் ஒரு அமுக்கு அமுக்கினார். தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பி எங்கள் எல்லோர் மேலும் அடித்தது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. மொத்தம் நாலு வண்டிதான், ஞாயிற்றுக்கிழமை போனால் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். சாப்பாடு என்று கொடுத்தது எலுமிச்சைச் சாதமும் ஊறுகாயும், அதற்குத் தனியாக 150 ரூபாய். கையெழுத்துப் போடச் சொன்ன தாள் மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலத்தில். எது நடந்தாலும் எங்கள் பொறுப்பில்லை என்பதுதான் சாரம் என்று அக்கா மகன் படித்துச் சொன்னான். மற்றதையெல்லாம் தமிழில் அழகாகச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இதையும் தமிழில் அடிக்கலாம். மழைக்காலத்தில் அட்டை ஏறும். எனக்கு ஒன்று பூட்ஸுக்குள்ளேயே போய்விட்டது. மாலை ஐந்தோடு மூடிவிடுகிறார்கள். காட்டுமாடு இறங்குகிற நேரம், அது நியாயம். இன்னொன்று, குறை என்று சொல்லலாமா தெரியவில்லை. தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த அக்காமார் நாங்கள் கடக்கும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாங்கள் போகும்வரை கையைச் செடியிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த இடத்தில் மட்டும் நான் விரலை எடுத்துவிட்டு மெதுவாகப் போனேன். சத்தம் ஒன்றும் குறையவில்லை.

மறுநாள் வலது கட்டைவிரலால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. போகிறவர்கள் இதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு விட்டிருக்கலாம். அக்கா மகன் விடவில்லை. "காடு ஓட்டியாச்சு மாமா. மணல் எங்க?" மதுரைக்காரனிடம் மணல் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? நான் சின்னப் பையனாக இருக்கும்போது வைகை முழுக்க மணல். இப்போது பாலத்திலிருந்து பார்த்தால் புதரும் ஆகாயத்தாமரையும்தான் தெரிகிறது. தனுஷ்கோடியில் 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு போடுவதற்கு முன்னால், நாலு சக்கர இழுவை வேனிலும் ஜீப்பிலும் மணல்மேல்தான் கூட்டிப் போவார்கள். நான் ஒரு முறை போயிருக்கிறேன். டிரைவர் இறங்கி, ஒரு குச்சியால் வால்வை அமுக்கிக் காற்றை இறக்கினதை மட்டும் அன்றைக்கு நன்றாகக் கவனித்தேன். 1964 புயலில் அழிந்த ஊரைப் பார்க்கப் போனவன் டயரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று வீட்டில் இன்றும் கிண்டல். இப்போது அங்கே தார் ரோட்டில் கார் போகிறது, மணலில் இறங்க வேலை இல்லை.

திருச்செந்தூர் போகிற சாக்கில் அவனைத் தேரிக்கு, அந்தப் பக்கத்துச் செம்மணல் மேட்டுக்கு, கூட்டிப் போனேன். குதிரைமொழித் தேரி, கற்குவேல் அய்யனார் கோயில் பக்கம். பார்த்ததும் அவனுக்குப் பேச்சு நின்றுவிட்டது. அவ்வளவு சிவப்பு. மணலில் ஒட்டியிருக்கும் இரும்புதான் அந்த நிறம். தென்மேற்குப் பருவக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசி, வறண்ட செம்மண்ணை வாரிக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி மேடாக்கியது என்று சொல்வார்கள். ஆடி மாதம் போனால் நம்புவீர்கள், கண்ணைத் திறக்க முடியாது. அங்கங்கே பனை, உடைமரம், கொல்லாமா என்கிற முந்திரி.

இங்கே ஓட்டலாமே என்றான். கூடாது. பெரும்பகுதி வனத்துறை நிலம், காப்புக்காடு. வாடகை வண்டியும் கிடையாது, இருக்கவும் கூடாது. அந்த மணலை நகராமல் பிடித்து நிறுத்தத்தான் இத்தனை மரத்தையும் நட்டு வைத்திருக்கிறார்கள். அதில் சக்கரத்தை ஏற்றி உழுதால் காற்றுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. யாரோ ஒரு ஜீப்பை ஏற்றிய தடம் ஒரு சரிவில் கிடந்தது. ஓரமாக முளைத்திருந்த புல் நாலு அடிக்கு வேரோடு பெயர்ந்து கிடந்தது. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். பத்து மணிக்கே கால் பொசுங்கியது. அவன் குதிகாலில் பழைய தழும்பு இருந்த இடத்தை மட்டும் தூக்கித் தூக்கி வைத்து நடந்தான்.

அப்போதுதான் அவனுக்கு அல் பதாயர் பற்றிச் சொன்னேன். துபாயிலிருந்து ஹத்தா போகிற ரோட்டில், ஷார்ஜா எல்லைக்குள் வரும் மணல்மேடு. எல்லோரும் பிக் ரெட் என்பார்கள். தேரி மாதிரியே சிவப்பு, அங்கேயும் இரும்புதான் காரணம். ஆனால் மரம் கிடையாது, 100 மீட்டர் உயரத்துக்கு ஏறி நிற்கும். நான் இருந்த காலத்தில் அங்கே வெள்ளிக்கிழமைதான் வார லீவு. குளிர்காலம் வந்தால் வியாழக்கிழமை ராத்திரி முழுக்க எங்கள் கடையில், மறுநாள் அங்கே மணலில் ஓட்டப் போகிற வண்டிகளின் வேலைதான் நடக்கும்.

ஒரே ஒரு முறை ஓட்டினேன். ஒரு மணி நேர வாடகை என்னுடைய மூன்று நாள் சம்பளம். அங்கே வண்டியின் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கம்பு, அதன் நுனியில் ஆரஞ்சு நிறக் கொடி. மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிறவனுக்கு உன் வண்டி தெரியாது, கொடிதான் தெரியும். சரிவில் குறுக்கே போகக் கூடாது, உருண்டுவிடும். ஏறினால் நேராக ஏற வேண்டும், பாதியில் தயங்கினால் சக்கரம் புதையும். உச்சிக்கு வரும்போது மட்டும் வேகத்தை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம் சரிவா பள்ளமா என்று யாருக்கும் தெரியாது. நான் உச்சியில் நிறுத்தினேன். இன்ஜினை அணைத்ததும் மணல் தானாகச் சரிகிற சத்தம் கேட்டது, அரிசி புடைக்கிற மாதிரி. ஊரில் அம்மா முற்றத்தில் உட்கார்ந்திருக்கிற ஞாபகம் வந்து, மிச்ச நேரத்தை ஓட்டாமலே அங்கே உட்கார்ந்திருந்தேன். வாடகைக்காரன் விசிலடித்துக் கூப்பிட்ட பிறகுதான் இறங்கினேன். மூன்று நாள் சம்பளத்தில் ஒன்றரை நாள் சும்மா உட்கார்ந்ததற்கே போனது.

கதையை இவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்கக் கூடாது போலிருக்கிறது. போன வாரத்திலிருந்து அவன் பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடிக்கொண்டிருக்கிறான். அக்கா என்னிடம் பேசுவதில்லை. மச்சான் மட்டும் கடைப் பக்கம் வந்து, அங்கே வேட்டி கட்டிக்கொண்டு ஏற விடுவார்களா என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்.